மழைக்கு முன்பே கேட்க வேண்டிய கணக்கு

டிசம்பரில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு கேட்கிற கேள்விகளை ஜூன் மாதமே கேட்டுவிடுங்கள் என்று சென்னையிலிருந்து எழுதும் வாசகர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறேன். நிவாரணம் எப்போது வரும், எவ்வளவு வரும் என்பது மழைக்குப் பிந்தைய கேள்வி. வெள்ளத்தைத் தடுப்பதற்காக ஒதுக்கிய பணம் என் தெருவுக்கு வந்ததா, அதில் என்ன வேலை நடந்தது என்பது மழைக்கு முந்தைய கேள்வி. முதல் கேள்விக்கு ஊரே வரிசையில் நிற்கிறது. இரண்டாவதைக் கேட்க ஒரு வார்டுக்கு நாலு பேர்கூட இல்லை.

இரண்டும் வேறு வேறு பணம் என்பதே பலருக்குத் தெரியாது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. 7ஆம் தேதி மத்திய அரசு ஒரே அறிவிப்பில் இரண்டு தொகைகளைச் சொன்னது. ஒன்று, மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் மத்தியப் பங்கின் இரண்டாம் தவணை, 450 கோடி ரூபாய். மற்றொன்று, தேசியப் பேரிடர் தணிப்பு நிதியிலிருந்து சென்னைப் படுகைக்கான ஒருங்கிணைந்த நகர்ப்புற வெள்ள மேலாண்மைத் திட்டம், 561.29 கோடி ரூபாய். அதில் மத்திய உதவி 500 கோடி. முதல் தொகை நடந்துவிட்ட சேதத்துக்கு. இரண்டாவது, இனி வரப்போகிற மழைக்கு. அந்த வாரம் தெருவில் பேச்சு முழுக்க நிவாரணத்தைப் பற்றித்தான். தணிப்பு நிதி என்று ஒன்று வந்ததை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிவாரணத்துக்கும் தணிப்புக்கும் தனித்தனி நிதிகளை வைக்கச் சொல்கிறது. 15வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு மாநிலங்களின் பேரிடர் நிதியாக மொத்தம் 1,60,153 கோடி ரூபாயைப் பரிந்துரைத்து, அதில் 80 சதவீதம் நிவாரணம் சார்ந்த செலவுக்கு, 20 சதவீதம் தணிப்புக்கு என்று பிரித்தது. தமிழகம் போன்ற மாநிலங்களில் இதில் நான்கில் மூன்று பங்கை மத்திய அரசும் ஒரு பங்கை மாநிலமும் போட வேண்டும். தேசிய அளவில் தணிப்புக்கென்று தனியாக 13,693 கோடி. அதற்குள் ஏழு பெருநகரங்களின் வெள்ளத் தடுப்புக்கு 2,500 கோடி; மும்பை, கொல்கத்தா, சென்னை மூன்றுக்கும் தலா 500 கோடி, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், புணே நான்குக்கும் தலா 250 கோடி. மிக்ஜாமுக்குப் பின் அறிவிக்கப்பட்ட 500 கோடி இந்தக் கணக்கில் வந்ததுதான். புயலுக்காகத் திடீரென்று கிடைத்த பணம் அல்ல.

இதற்கு மேல் கடன் பணமும் இருக்கிறது. வடசென்னையின் கொசஸ்தலையாறு படுகையில் மழைநீர் வடிகால் கட்ட ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடன் தருகிறது. தெற்கே கோவளம் படுகைக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி. அடையாறும் கூவமும் சேர்ந்தால் சென்னையின் நாலு படுகைகள். உங்கள் வீட்டுத் தண்ணீர் எந்தப் படுகைக்குப் போகிறது என்று தெரிந்தால்தான் எந்தப் பணம், எந்த அலுவலகம், யாரிடம் கேட்பது என்பதெல்லாம் தெளிவாகும். வேளச்சேரியில் விழுகிற மழை பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டில்தான் கடலைப் பார்க்கிறது. ஒக்கியம் மடுவு அடைத்தால் உங்கள் தெரு வடிகால் புத்தம் புதிதாக இருந்தும் பயனில்லை. தெரு வடிகால் மாநகராட்சியுடையது, மடுவும் கால்வாயும் நீர்வளத்துறையுடையது. மாநகராட்சிக்கு எழுதிய புகாருக்கு ‘இது எங்கள் வரம்பில் இல்லை’ என்று பதில் வந்து நின்றுபோகிற கதை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கிறது.

தெருவில் பார்க்க வேண்டியது

ஒரு காய்ந்த நாளில், காலை வெயிலுக்கு முன், இரண்டு வாளித் தண்ணீரோடு தெருவுக்கு வாருங்கள். சாலையோரக் கருங்கல்லில் தண்ணீர் உள்ளே போவதற்கான துளை இருக்கும். அதற்குப் பின்னால், நடைபாதைக்குக் கீழே, மண்ணையும் குப்பையையும் தேக்கிக்கொண்டு தண்ணீரை மட்டும் வடிகாலுக்கு விடும் வண்டல் வடிகட்டித் தொட்டி இருக்கும். சாலையின் நடுவில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் பாருங்கள். தண்ணீர் துளையை நோக்கிப் போகிறதா, இல்லை எதிர்வீட்டு வாசலில் போய் நிற்கிறதா? பல தெருக்களில் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, சாலை துளையைவிட உயர்ந்துபோய், துளையில் பாதி மூடிக்கிடக்கும். சுரண்டிவிட்டுத்தான் சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவே போட்டார். உங்கள் தெருவில் அது நடந்ததா என்பதை வாசற்படிகளை எண்ணியே சொல்லிவிடலாம். மூன்று படி இருந்த வீட்டில் இப்போது ஒரு படிதான் மிஞ்சியிருந்தால், நடக்கவில்லை.

இரண்டாவது வாளியைத் துளைக்குள்ளேயே ஊற்றுங்கள். தொட்டியில் தண்ணீர் மளமளவென்று இறங்கினால் நல்லது. தேங்கி நின்றால் தூர் வாரவில்லை. அப்படியே வடிகாலின் போக்கில் நடந்து தெருமுனை வரை போங்கள். மின்வாரியக் கேபிளோ, மரமோ, குடிநீர்க் குழாயோ குறுக்கே வந்த இடத்தில் வேலையை நிறுத்திவிட்டு, அடுத்த தெரு வடிகாலோடு சேர்க்காமல் விட்டிருப்பார்கள். மாநகராட்சிப் பொறியாளர்களே இதை விடுபட்ட இணைப்பு என்றுதான் சொல்கிறார்கள். பத்தடி விடுபட்டாலும் மேலே கட்டிய அரைக் கிலோமீட்டர் வடிகால் வெறும் தொட்டிதான். நான் பார்த்த வரையில், தெரு மூழ்குவதற்கான காரணங்களில் குடியிருப்பவர்களால் கண்ணால் கண்டுபிடித்து, ஒரு பருவத்துக்குள் சரிசெய்ய வைக்க முடிவது இதுதான்.

படம் எடுத்து, இடத்தைக் குறித்து, மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் புகார் கொடுத்து, புகார் எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர வேண்டிய காலம் 30 நாள். ஜூலையில் போட்டால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் பதில் கையில் இருக்கும். வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கும் நேரம் மிஞ்சும்.

மனுவில் ‘ஏன் வேலை நடக்கவில்லை’ என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் ‘இது தகவல் அல்ல’ என்று தட்டிக்கழிக்க வழி கிடைத்துவிடும். ஆவணத்தைக் கேளுங்கள். எங்கள் தெருவின் மழைநீர் வடிகால் எந்த நிதியில், எந்தத் திட்டத்தில் கட்டப்பட்டது, மதிப்பீட்டின் நகல், ஒப்பந்ததாரருக்கு வேலை உத்தரவு கொடுத்த தேதி, முடிக்க வேண்டிய தேதி, அளவுப் புத்தகத்தில் இந்தத் தெருவுக்கான பக்கங்களின் நகல், வடிகால் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் அதன் அடிமட்ட அளவு, கடைசியாகத் தூர் வாரிய தேதியும் அதற்குக் கொடுத்த பட்டியலின் நகலும். இவற்றில் அளவுப் புத்தகம்தான் உயிர்நாடி. பணம் பட்டுவாடா ஆவது அதில் எழுதிய நீள அகலத்தை வைத்துத்தான். அதில் 120 மீட்டர் என்று இருந்து, தெருவில் நீங்கள் நடந்து அளந்தது 95 மீட்டர் என்றால், அதற்கு மேல் நீங்கள் விளக்கம் எதுவும் எழுத வேண்டியதில்லை.

அதே சட்டத்தின் பிரிவு 2(ஜெ) இன்னொரு உரிமையும் தருகிறது. நடக்கும் பணியை நேரில் ஆய்வு செய்யலாம், பயன்படுத்தும் பொருளின் சான்றளித்த மாதிரியைக் கேட்டு வாங்கலாம். கான்கிரீட் போடுகிற அன்று நாலு பேர் போய் நின்று பார்ப்பதற்குச் சட்டத்தின் துணை உண்டு என்பதைக் குடியிருப்போர் நலச் சங்கங்கள் இன்னும் போதிய அளவு பயன்படுத்தவில்லை. கிராமத்தில் இருப்பவர்களுக்கு கிராம சபை இருக்கிறது. வரத்துக் கால்வாய் தூர் வாரும் தீர்மானத்தை அக்டோபர் 2 வரை தள்ளிப்போடாமல் மே 1 அல்லது ஆகஸ்ட் 15 கூட்டத்திலேயே பதிவு செய்துவிடுங்கள். அக்டோபரில் போட்ட தீர்மானத்துக்கு வேலை தொடங்குவதற்குள் மழை வந்துவிடும்.

பெரிய அளவில் என்ன நடக்கிறது என்று அறிய விரும்புகிறவர்கள், 2015 சென்னை வெள்ளம் பற்றிய இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையைப் படியுங்கள். 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது, இலவசமாகக் கிடைக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்த விதம் முதல் நீர்நிலை ஆக்கிரமிப்பு வரை அரசின் தணிக்கையாளரே எடுத்து எழுதியிருக்கிறார். வார்டு கூட்டத்தில் நீங்கள் சொன்னால் குறை சொல்கிறார் என்பார்கள். தணிக்கை அறிக்கையின் பக்க எண்ணைச் சொன்னால் பதில் சொல்லியாக வேண்டும்.

எச்சரிக்கையைப் படிக்கும் விதம்

அரசு நமக்காக நடத்தும் தகவல் சேவைகள் இன்று நிறையவே இருக்கின்றன. மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையம் 1070, மாவட்டத்துக்கு 1077, தமிழில் வானிலையையும் எச்சரிக்கையையும் தரும் டி.என். அலர்ட் செயலி, மின்சாரப் புகாருக்கு 94987 94987. எண்களைச் சேமித்தால் மட்டும் போதாது. வருகிற செய்தியின் அளவு புரிய வேண்டும். வானிலை மையம் ‘கனமழை’ என்றால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர். ‘மிகக் கனமழை’ 204.4 வரை. அதற்கு மேல் ‘அதி கனமழை’. கடந்த ஆண்டுகளில் உங்கள் தெருவில் எத்தனை சென்டிமீட்டர் மழைக்குத் தண்ணீர் வாசலைத் தொட்டது என்று ஒரு நோட்டில் குறித்துவைத்தால், அடுத்த எச்சரிக்கை வரும்போது ஸ்கூட்டரை எப்போது மேட்டுக்கு நகர்த்துவது என்பது உங்களுக்கே தெரியும்.

ஏரியைத் திறக்கும் செய்தியும் அப்படித்தான். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. உபரிநீர் திறக்கும்போது சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை என்று கரையோர ஊர்களின் பெயர்கள் அறிவிப்பில் வரும். உங்கள் ஊர் பட்டியலில் இருந்தால் திறக்கும் அளவைவிட, அது கூடிக்கொண்டே போகிறதா என்பதைக் கவனியுங்கள். காலையில் 500, மதியம் 2,000, மாலையில் 6,000 கன அடி என்று போனால் இருட்டும்வரை காத்திருக்க வேண்டாம்.

இன்சூரன்ஸ், நிவாரணம்

வெள்ளத்துக்குப் பிறகு எனக்கு வருகிற கடிதங்களில் பாதி இன்சூரன்ஸ் பற்றியவை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மழைக்கு முன் ஒரு மணி நேரம் செலவழித்திருந்தால் எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான வீட்டுக் காப்பீட்டை 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தர வேண்டும். வெள்ளமும் நீர் சூழ்வதும் அதிலேயே அடக்கம், தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. கட்டடத்தைக் காப்பீடு செய்தால் அதன் மதிப்பில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுப் பொருட்களுக்கும் தானாகவே பாதுகாப்பு வரும். தொகையைக் கணக்கிடும்போது நிலத்தின் விலையைச் சேர்க்காதீர்கள்; கட்டடத்தைத் திரும்பக் கட்ட ஆகும் செலவு மட்டும் போதும். இதனால் பிரீமியம் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு வராது. வீட்டுக்கடனோடு வங்கி போட்டுக்கொடுத்த பாலிசி இருக்கிறதே என்று சிலர் சொல்கிறார்கள். எடுத்துப் பாருங்கள். பல சமயம் அது கடன் வாங்கியவரின் உயிருக்கான காப்பீடாக இருக்கும், வீட்டுக்கானதாக இருக்காது.

வாடகைக்கு இருப்பவர்களும் பொருட்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம். வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசா கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தாலும், தண்ணீரில் நின்ற வண்டியைச் சாவி போட்டுக் கிளப்பி இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விட்டால், இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு இல்லாதவரின் கோரிக்கை அங்கேயே அடிபடும். தண்ணீர் வடிந்ததும் வண்டியைத் தொடாமல் இழுத்துச்செல்லச் சொல்லுங்கள்.

வீட்டில், தண்ணீர் வடிந்த மறுநாள் எல்லோரும் செய்கிற முதல் காரியம் சுவரைக் கழுவுவது. கொஞ்சம் பொறுங்கள். சுவரில் சேற்றுக்கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்பது, டேப்பை அருகில் பிடித்தபடி ஒரு படத்தில் இருக்கட்டும். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மோட்டார் ஒவ்வொன்றின் பின்பக்கம் இருக்கும் மாடல் எண் தகட்டையும் படம் எடுங்கள். பில் தொலைந்திருந்தாலும் இந்த எண் காப்பாற்றும். அன்றே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி எண் வாங்குங்கள். சர்வேயர் வருமுன் கெட்ட பொருளை அப்புறப்படுத்தியே ஆக வேண்டும் என்றால் வீடியோவும் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சலும் இருக்கட்டும். கோரிக்கையை மறுத்தாலோ, ஒரு மாதமாகப் பதிலே இல்லை என்றாலோ, முதலில் பீமா பரோசா தளத்திலோ 155255 எண்ணிலோ புகார் செய்யலாம். பிறகு சென்னையிலேயே இருக்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை விசாரிப்பார், கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.

அரசு நிவாரணத்திலும் படங்கள்தான் பேசும். மிக்ஜாமின்போது சேதமான குடிசைக்கு 8,000 ரூபாய், பசு, எருமை இறந்தால் 37,500, ஆட்டுக்கு 4,000, பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 என்று மாநில அரசு உயர்த்தி அறிவித்தது. பயிர் 33 சதவீதமாவது அழிந்திருக்க வேண்டும். பகுதிச் சேதம் அடைந்த வீட்டுக்கு மத்திய அரசின் விதிப்படி 15 சதவீதமாவது சேதம் வேண்டும். அந்தச் சதவீதத்தை எழுதுகிறவர் கிராம நிர்வாக அலுவலர். அவர் வரும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும். கணக்கெடுப்புப் பட்டியலில் பெயரும் சதவீதமும் என்னவென்று அன்றே பார்த்துக்கொள்ளுங்கள். தொகைகள் அவ்வப்போது மாறும் என்பதால், அந்த வெள்ளத்துக்கான அரசாணையின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.

நுகர்வோர் உதவி எண்ணுக்கு எதைக் கொண்டுபோவது

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. காலை 8 முதல் இரவு 8 வரை தமிழிலும் பேசலாம். வாட்ஸ்அப் எண் 88000 01915. பால் பாக்கெட்டை அச்சிட்ட விலைக்கு மேல் விற்றால், காருக்குப் பணம் வாங்கிக்கொண்டு பழுதுபார்க்காமல் இழுத்தடித்தால், புது மோட்டார் ஒரு வாரத்தில் எரிந்துபோய் வாரண்டியை மறுத்தால் அங்கே சொல்லுங்கள். அது நீதிமன்றம் அல்ல, நிறுவனத்தோடு பேசி முடிக்க வைக்கும் இடம். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இ-ஜாக்ரிதி தளத்தின் வழியே, நீங்கள் குடியிருக்கும் ஊரிலிருந்தே மனு போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இந்தச் சேவைகளை யாரோ தரும் சலுகையாக நினைத்துத் தயங்காதீர்கள். யாரிடமிருந்து வசூலித்தது என்று அடையாளம் கண்டு திருப்பித் தர முடியாத வரிப்பணம் சட்டப்படி நுகர்வோர் நல நிதிக்குப் போகிறது. விழிப்புணர்வுப் பணிகளுக்கும் நுகர்வோர் அமைப்புகளுக்கும் அதிலிருந்து பணம் தரப்படுகிறது. கடையில் நாம் கொடுத்த காசுதான் அது.

ஆனால் தெரு வடிகாலை அங்கே கொண்டுபோக வேண்டாம். சொத்துவரி கட்டுவதாலேயே ஒருவர் மாநகராட்சியின் நுகர்வோர் ஆகிவிடுவதில்லை என்பது நீதிமன்றங்களின் பொதுவான நிலை. வடிகாலுக்கு 1913, தகவல் உரிமை மனு, கவுன்சிலர்.

வீடு விற்றவர் மீதான புகார் வேறு. அந்த நிலையே வராமல் இருக்க, மனையோ அடுக்ககமோ வாங்கப்போகிறவர்கள் முன்பணம் கொடுக்குமுன் சர்வே எண்ணை வைத்து ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் அரசின் இணையவழிச் சேவைத் தளத்தில் பாருங்கள். பக்கத்து சர்வே எண்களையும் சேர்த்துப் பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்கு, ஓடை, வாய்க்கால் என்று எங்காவது இருக்கலாம். மனைப்பிரிவுக்கு வெள்ளப் பாதிப்பு குறித்து நீர்வளத்துறை தந்த தடையின்மைச் சான்றைக் கேளுங்கள். அதில் தரைமட்டத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும், வடிகால் எங்கே விட வேண்டும் என்று நிபந்தனைகள் இருக்கும். அவற்றை விற்பவர் நிறைவேற்றினாரா என்று மனையில் நின்று சரிபாருங்கள். 2015லும் 2023லும் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று எதிர்க்கடைக்காரரிடம் கேளுங்கள். விற்பவர் சொல்லும் பதிலை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் முன்பணத்தை உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.